சென்சாருக்கு அடியில் ஒரு துண்டுத் தோல்

ஆம்பூரிலிருந்து மாதனூர் போகும் வழியில் ஒரு தோல் பதனிடும் தொழிற்சாலை இருக்கிறது. இப்போது வேறு ஒருவர் கையில், வேறு பெயரில் நடக்கிறது. அங்கே நான் செய்த ஒரு காரியத்தையும், அதைப் பிறகு திருத்தப்போய் இன்னும் கெடுத்ததையும் எழுதுகிறேன். எழுதினால் மனம் ஆறும் என்ற எண்ணம் எனக்கில்லை. ஆறக்கூடாது என்றுகூடத் தோன்றுகிறது.

முதலில் என் தொழிலைச் சொல்ல வேண்டும். இயற்பியல் படித்தேன். வெளியூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் பல வருடம் காந்த சென்சார்களோடு இருந்துவிட்டு, வேலூருக்கே திரும்பி வந்து சொந்தமாக ஒரு கருவி செய்துகொண்டேன். இரும்பை உடைக்காமல், அறுக்காமல், அதற்குள் விரிசல் இருக்கிறதா என்று பார்க்கும் கருவி. தத்துவம் எளியது. இரும்பைக் காந்தமாக்கினால் காந்தப்புலம் இரும்புக்குள்ளேயே ஓடும். வழியில் ஒரு விரிசல் இருந்தால் அந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் வெளியே கசியும். அந்தக் கசிவு கண்ணுக்குத் தெரியாது. கட்டைவிரல் அளவுள்ள சென்சாருக்குத் தெரியும். அது விரிசலைக் கடக்கும்போது பெட்டியில் கோடு துள்ளும், ஒரு சத்தமும் வரும்.

ஒன்று மட்டும் முக்கியம். அந்தக் கசிவு மிக மெலிதானது, இரும்பை ஒட்டியே நிற்கும். சென்சாரை இரும்பிலிருந்து கொஞ்சம் தூக்கினால் பாதியாகிவிடும். இன்னும் கொஞ்சம் தூக்கினால் இல்லாமலே போய்விடும்.

தோல் தொழிற்சாலைகளில் என் வேலை பெரும்பாலும் ட்ரம்களோடுதான். படுக்கவைத்த பீப்பாய் போன்ற மரத்தாலான உருளை, ஓர் அறை அளவு இருக்கும். உள்ளே தோலும் தண்ணீரும் மருந்தும் போட்டு மணிக்கணக்கில் சுற்றவிடுவார்கள். இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும் இரும்பு ஷாஃப்ட்தான் மொத்த பாரத்தையும் தாங்குகிறது. ஷாஃப்ட் ட்ரம்மோடு சேரும் இடத்தைக் கழுத்து என்பார்கள். உப்பும் ஈரமும் தின்னும் இடம் அது. விரிசல் விழுந்தால் அங்கேதான் விழும்.

நான் வருவதற்கு முன்னால், கழுத்தில் உள்ள பெயிண்ட்டைச் சுரண்டி, இரும்பைத் தேய்த்து, சாயம் தெளித்துப் பார்ப்பார்கள். ஒரு ட்ரம்முக்கு அரை நாள் போய்விடும். நான் போய், "சுரண்டவே வேண்டாம், பெயிண்ட்டுக்கு மேலேயே பார்த்துவிடலாம்" என்றேன். முதலாளிகளுக்கு இனித்தது. நான் சொன்னது பொய்யில்லை. மெல்லிதாக ஒரு பூச்சு இருந்தால் பார்த்துவிடலாம். ஆனால் "மெல்லிதாக" என்பதை நான் அழுத்திச் சொன்னதில்லை. ராணிப்பேட்டையிலிருந்து ஆம்பூர் வரை என் பெட்டிக்குக் கிராக்கி வந்த பிறகு அந்தச் சொல்லையே விட்டுவிட்டேன்.

அந்தத் தொழிற்சாலையில் ட்ரம்கள் நிற்பது வருடத்தில் ஒரு தடவை, ஆயுதபூஜைக்கு முதல் நாள். முதலாளி முஸ்லிம். பூஜை தொழிலாளிகளுடையது. ஆனால் பெயிண்ட் வாங்கித் தருவதும், பொரி மூட்டை வரவழைப்பதும் அவர்தான். பூஜை முடிந்ததும் வாசலில் நின்று ஒரு கை பொரி வாங்கிக்கொண்டு போவார். ட்ரம் நிற்கும் ஒரே நாள் என்பதால் என்னையும் அன்றைக்குத்தான் கூப்பிடுவார்கள். காலையில் நான் பார்த்து முடிக்க வேண்டும், மத்தியானத்துக்கு மேல் அவர்கள் பெயிண்ட் அடிக்க வேண்டும். அதுதான் முறை.

அந்த வருடம் நான் தாமதமாகப் போனேன். காலையில் ராணிப்பேட்டையில் ஒரு பெரிய தொழிற்சாலையில் என் கருவியைப் பார்க்க வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் வந்திருந்தார்கள். அவர்கள் நடுவில் நின்று விளக்கம் சொல்வது சுகமாக இருந்தது. ஆம்பூர்ப் பக்கம் வந்து சேர்ந்தபோது மூன்று மணி தாண்டிவிட்டது. ட்ரம்கள் எல்லாம் மயில்நீலத்தில் மின்னின. ஒவ்வொரு கழுத்திலும் சிவப்பில் ஒரு வளையம், அதன் ஓரத்தில் மஞ்சளில் மெல்லிய கோடு. ட்ரம் பிரிவு மேஸ்திரி தன் கையால் போட்டது. மாதனூர்ப் பக்கத்து ஆள், நாற்பது வயதிருக்கும். பெயிண்ட் டப்பாவைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றவன் அவருடைய மச்சான், அதாவது மனைவியின் தம்பி. அவனை அந்த வேலையில் சேர்த்துவிட்டதே மேஸ்திரிதான்.

"இன்னா சார், மாப்ள ஊர்வலம் மாதிரி வர்றீங்க?" என்றார் மேஸ்திரி. "பொண்ணுக்கு அலங்காரம் முடிஞ்சி உக்காந்துனுகீது."

"லேட்டாயிடுச்சு மேஸ்திரி. மன்னிக்கணும்."

"ஊரே வேலூருக்கு ஸ்கேன் எடுக்கப் போவுது. நீங்க வேலூர்லேர்ந்து ட்ரம்முக்கு ஸ்கேன் எடுக்க வர்றீங்க," என்றான் மச்சான். "பாத்துட்டு ஆணா பொண்ணான்னு மட்டும் சொல்லிடாதீங்க சார். போலீஸ் கேஸ் ஆய்டும்."

அங்கிருந்த எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவன் முகம் எனக்கு நினைவிருப்பது அந்தச் சிரிப்போடுதான்.

சிவப்பு வளையத்தைத் தொட்டுப் பார்த்தேன். விரலில் ஒட்டியது. சரியாக அந்த வளையத்தின் மேல்தான் சென்சாரை ஓட்ட வேண்டும். அது மட்டுமல்ல, ஒவ்வொரு வருடமும் பழைய பூச்சை எடுக்காமல் அதன் மேலேயே புதிதாக அடித்திருந்தார்கள். ஓரத்தில் பெயர்ந்த இடத்தில் பச்சை, சாம்பல், மறுபடி பச்சை என்று அடுக்கடுக்காகத் தெரிந்தது.

"இதைச் சுரண்டணும் மேஸ்திரி," என்றேன்.

அவர் முகம் வாடிவிட்டது. "காலையிலேர்ந்து குந்திப் போட்டது சார். நாளைக்கி பூஜை. இவனோட அக்கா, புள்ளைங்க எல்லாம் பாக்க வர்றாங்க. கழுத்துல காயம் பட்டாப்பல இருக்குமே."

முதலாளி வந்தார். "அரே சார், பேஜார் பண்ணாதீங்க. பெயிண்ட்டு மேலயே பாக்கும்னு நீங்கதான சொன்னீங்க?"

"ஈரமா இருக்கு பாய். சென்சார்ல ஒட்டும்."

மேஸ்திரி சட்டென்று உள்ளே போய் ஒரு துண்டுத் தோல் எடுத்துவந்தார். செருப்புக்கு உள்பக்கம் வைக்கிற ஆட்டுத்தோல், லைனிங் என்பார்கள். பூப்போல இருந்தது. "இத்த அடில வெச்சி ஓட்டுங்க சார். என் பெயிண்ட்டும் கெடாது, உங்க மிஷினும் கெடாது."

"பாருங்க, மேஸ்திரி மூளைய," என்று சொல்லிவிட்டு முதலாளி போய்விட்டார்.

நான் செய்ததைச் சொல்கிறேன். என் பையில் எப்போதும் ஒரு சோதனைக் கட்டை இருக்கும். சின்ன இரும்புக் கட்டை, மேலே மெல்லியதாக வேண்டுமென்றே அறுத்த ஒரு கீறல். வேலையைத் தொடங்கும் முன் சென்சாரை அதன் மேல் ஓட்டிப் பார்ப்பது வழக்கம். அது கத்தினால் கருவி சரியாக இருக்கிறது என்று அர்த்தம். அவர்களுக்கு முதுகு காட்டி, ஜன்னல் ஓரமாகப் போய், கட்டையின் மேல் அந்தத் தோலை வைத்து சென்சாரை ஓட்டினேன். சத்தம் வரவில்லை. மறுபடி ஓட்டினேன். கோடு அசையவே இல்லை. தோலை எடுத்துவிட்டு ஓட்டினேன். கத்தியது.

இதைவிடத் தெளிவாக ஒரு கருவி பேச முடியாது. தோல் அடியில் இருக்கும்வரை எதுவும் தெரியாது என்று அது எனக்குச் சொல்லிவிட்டது. கட்டையைப் பையில் போட்டேன். திரும்பி வந்து, தோலைச் சிவப்பு வளையத்தின் மேல் வைத்து, ஒவ்வொரு கழுத்தையும் சுற்றிச் சுற்றி ஓட்டினேன். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பெட்டியைப் பார்த்தார்கள். சத்தமே வரவில்லை.

"பாஸா சார்?" என்றார் மேஸ்திரி.

"பாஸ்," என்றேன்.

ஏன் செய்தேன் என்று வருடக்கணக்காக யோசித்திருக்கிறேன். ராணிப்பேட்டையில் காலையில் வாங்கிய பாராட்டு உடம்பில் இருந்தது. எதையும் ஊடுருவிப் பார்க்கும் என்று நான் பீற்றிய பெட்டி ஓர் ஆட்டுத்தோலிடம் தோற்றது என்று அத்தனை பேர் முன்னால் சொல்ல நா எழவில்லை. மேஸ்திரியின் வளையம் அழகாக இருந்ததும் உண்மை. ஆனால் அதைக் காரணமாகச் சொல்ல எனக்கு உரிமையில்லை. போன வருடம் நன்றாகத்தானே இருந்தது, இந்த வருடமும் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அவ்வளவுதான்.

தீபாவளி கழிந்து மழை பிடித்துக்கொண்ட ஒரு காலையில் மூன்றாவது ட்ரம்மின் கழுத்து முறிந்தது. ட்ரம் ஒரு பக்கமாகச் சரிந்து இறங்கியது. கீழே தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தவன் மச்சான். அவன் மேல் இருந்ததை நகர்த்த கிரேன் வர வேண்டியிருந்தது என்று மட்டும் சொல்கிறேன்.

நான் போனபோது அவனைக் கொண்டுபோய்விட்டார்கள். முறிந்த ஷாஃப்ட் அங்கேயே கிடந்தது. குனிந்து பார்த்தேன். முறிந்த முகத்தில் இரண்டு நிறம். பெரும்பகுதி துருப்பிடித்துக் கறுத்திருந்தது. ஓரத்தில் கொஞ்சம் மட்டும் புதிதாக வெள்ளிபோல் மின்னியது. கறுத்த பகுதி பழைய விரிசல், மாதக்கணக்காக வளர்ந்தது. பூஜைக்கு முதல் நாள் அது அங்கேதான் இருந்தது, சிவப்பு வளையத்துக்குக் கீழே. அந்த முகத்தைப் படிக்கத் தெரிந்தவன் அந்த இடத்தில் நான் ஒருவன்தான்.

விசாரணை தொழிற்சாலை ஆபீஸ் அறையிலேயே நடந்தது. வந்த அதிகாரி பொறுமையானவர். முதலாளி ஒரு மூலையில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மேஸ்திரி நின்றார், மொட்டையடித்த தலையோடு.

"ஒங்க மிஷின்ல ஏன் தெரியலை?" என்று அதிகாரி என்னைக் கேட்டார்.

"சென்சார் இரும்பை ஒட்டி இருக்க வேண்டும். அன்றைக்கு நடுவில் ஒரு தோல் வைக்கப்பட்டிருந்தது," என்றேன். எழுத்துத் தமிழில்தான் பேசினேன். பயந்தால் எனக்கு அப்படித்தான் வரும்.

"யார் வெச்சது?"

நான் மேஸ்திரியைப் பார்த்தேன். அவரே சொன்னார், "நான்தான் சார் குடுத்தேன். பெயிண்ட்டு கெட்டுடும்னு."

"தோல் வெச்சா தெரியாதுன்னு ஒங்களுக்கு அப்ப தெரியுமா?" என்று அதிகாரி என்னிடம் திரும்பினார்.

கேட்கவேண்டிய கேள்வியைச் சரியாகக் கேட்டுவிட்டார். நான், "அவ்வளவு பாதிக்கும் என்று எதிர்பார்க்கவில்லை," என்றேன்.

முதலாளி நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "நீங்க பாஸ்னு சொன்னீங்க சார்," என்றார். குரலில் கோபம் இல்லை. அதற்கு மேல் அவர் என்னோடு பேசவில்லை. அடுத்த வருடத்துக்குள் தொழிற்சாலையை விற்றுவிட்டார். மேஸ்திரி அதற்கு முன்பே வேலையிலிருந்து நின்றுவிட்டார், அல்லது நிறுத்தப்பட்டார். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. கருவியில் பழுதில்லை, பயன்படுத்திய முறையில் தளத்தில் நேர்ந்த தவறு என்று முடிந்தது. அதற்குப் பிறகும் பல இடங்களில் என்னைக் கூப்பிட்டார்கள்.

மேஸ்திரியின் மனைவி ஆம்பூரில் ஒரு ஷூ தொழிற்சாலையில் வேலை செய்கிறார். காலையில் மாதனூர்ப் பக்கம் வரும் கம்பெனி பஸ்ஸில் ஏறிப் போவார். விசாரணையில் பேசியது மறுநாள் காலை அந்த பஸ்ஸிலேயே அவர் காதுக்கு வந்துவிட்டது. தம்பி செத்ததற்குக் காரணம் புருஷன் கொடுத்த துண்டுத் தோல் என்று பக்கத்து சீட்டுக்காரி சொன்னாளாம். அன்று சாயங்காலம் பஸ்ஸிலிருந்து இறங்கியவர் அதன்பின் கணவரோடு பேசவில்லை. சண்டை போடவில்லை, தாய் வீட்டுக்கும் போகவில்லை. சமைப்பார், தட்டு வைப்பார், துணி துவைப்பார். பேச்சு மட்டும் கிடையாது.

இதை நான் என் கண்ணால் பார்த்தேன். குற்ற உணர்ச்சி என்னை அந்த வீட்டுக்கு அடிக்கடி இழுத்துப் போனது. பழம் வாங்கிக்கொண்டு போவேன். ஒரு தடவை நானும் மேஸ்திரியும் எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறோம். அந்த அம்மாள் இரண்டு டம்ளர் காபி வைத்துவிட்டு என்னிடம் சொன்னார், "சார், காபி ஆறிப்போவுதுன்னு அவர்கிட்ட சொல்லுங்க."

மேஸ்திரி கை நீட்டினால் எட்டும் தூரத்தில்தான் இருந்தார். நான் சொல்ல வேண்டியிருந்தது. "காபி ஆறுதாம் மேஸ்திரி."

"குடிச்சிக்கறேன்னு சொல்லுங்க சார்," என்றார் அவர்.

"வெளிய வெளயாட்டா சொல்வேன் சார், ஊர்ல எல்லா ஆம்பளையும் பொண்டாட்டி வாய் ஓயலியேன்னு அழுவுறான், நான் மட்டும் மகராசன்னு," என்று ஒரு நாள் என்னை பஸ் ஏற்றிவிட வந்தபோது மேஸ்திரி சொன்னார். சொல்லிவிட்டு சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை.

அந்த வீட்டுக்கு ஒவ்வொரு முறை போகும்போதும் இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துப் போவேன். ஒரு வாக்கியம்தான். தோல் வைத்தால் தெரியாது என்று எனக்கு அப்போதே தெரியும், தெரிந்துதான் ஓட்டினேன். சொன்னால் அந்த அம்மாள் தன் கணவரோடு பேசக்கூடும். என்னைக் காறித் துப்பக்கூடும். இரண்டாவதுக்குப் பயந்து முதலாவதைத் தள்ளிப்போட்டேன். பதிலாக விதி என்றேன், பழைய இரும்பு என்றேன், யார் கையிலும் இல்லை என்றேன். பலவிதமாக ஆறுதல் சொன்னேன்.

போன வருடம் மேஸ்திரிக்குச் சர்க்கரையால் காலில் புண் வந்து, வேலூருக்கு ஆஸ்பத்திரிக்கு வந்தார். எனக்கு வேலூரில் வழி தெரியும் என்பதால் துணைக்குப் போனேன். ஸ்கேன் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். உள்ளே போனவர்களின் செருப்புகள் எங்கள் காலடியில் கிடந்தன. அவர் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்:

"சார், ஒண்ணு கேக்கறேன். உள்ளத சொல்லணும். அன்னிக்கி அந்தத் தோலு இல்லாம ஓட்டியிருந்தா, தெரிஞ்சிருக்குமா?"

அவர் அதுவரை அதை ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. கேட்கத் துணியவில்லை என்று இப்போது புரிகிறது. காலை எடுக்க வேண்டியிருக்குமோ என்ற பயத்தில் அன்றைக்குக் கேட்டுவிட்டார்.

"தெரிஞ்சிருக்காது மேஸ்திரி," என்றேன். "பெயிண்ட்டே அத்தனை தடிமன். தோல் இருந்தாலும் இல்லாட்டியும் ஒண்ணுதான்."

அது பொய், அந்த அளவு விரிசல் பெயிண்ட்டைத் தாண்டியும் தெரிந்திருக்கும். மேஸ்திரி கண்ணை மூடி மூச்சு விட்டார். என் கையைப் பிடித்துக்கொண்டார். வீட்டுக்குப் போய் இதைக் காற்றில் சொல்வதுபோல் சொல்லியிருக்கிறார். அந்த அம்மாள் ஒன்றும் பதில் சொல்லவில்லையாம். "ஆனா அன்னிக்கி ராத்திரி தட்டுல ஒரு கரண்டி ஜாஸ்தி வெச்சா சார்," என்று போனில் சொன்னார். பொய் சொன்னதற்கு எனக்குக் கிடைத்த அந்த ஒரு கரண்டிச் சோறு என்னைத் தூங்கவிடவில்லை. பொய்யே இவ்வளவு செய்தால் உண்மை முழுவதும் செய்துவிடும் என்று முடிவு செய்தேன். படித்தவன் போடும் கணக்கு.

சொன்னால் மட்டும் போதாது, காட்டிவிட வேண்டும் என்றும் நினைத்தேன். நாற்பது வருடம் நான் செய்த வேலையே காட்டுவதுதான். பெட்டியை எடுத்துத் துடைத்தேன். பேட்டரி மாற்றினேன். சோதனைக் கட்டையை எடுத்து வைத்தேன். ஆம்பூர் கடைத்தெருவில் அதே மாதிரி லைனிங் தோல் ஒரு துண்டு வாங்கினேன். கம்பெனி பஸ் வராத ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்துப் போனேன்.

மேஸ்திரி கட்டிலில் இருந்தார். காலில் இரண்டு விரல்களை எடுத்திருந்தார்கள். அந்த அம்மாள் வாசலில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தார். "நீங்களும் வாங்கம்மா, ஒரு விஷயம் சொல்லணும்," என்றேன். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து நிலைப்படியில் சாய்ந்து நின்றார்.

பெட்டியைப் பார்த்ததும், "எங்க கம்பெனி மிஷினு மாதிரி கீதே," என்றார்.

ஷூ தொழிற்சாலையில் அவர் உட்கார்வது ஊசி பார்க்கும் மிஷினில் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. தைக்கும்போது முறிந்த ஊசி முனை ஷூவுக்குள் தங்கிவிட்டால் கண்டுபிடிக்கிற மிஷின். பெல்ட்டில் ஷூ ஒவ்வொன்றாக உள்ளே போகும். ஊசி இருந்தால் கத்தும், பெல்ட் நிற்கும். அதற்குள்ளும் காந்த சென்சார்தான்.

"அதோட சொந்தக்காரன்தாம்மா இது," என்றேன். பிறகு சொல்ல ஆரம்பித்தேன். ராணிப்பேட்டையில் தாமதமானதிலிருந்து, ஜன்னல் ஓரம் முதுகு காட்டி நின்றது, விசாரணையில் சொன்ன பொய், வேலூரில் சொன்ன பொய் எல்லாம். எதையும் மறைக்கவில்லை. பிறகு கட்டையைத் தரையில் வைத்தேன்.

"இதுல ஒரு கீறல் இருக்கு. பாருங்க." சென்சாரை ஓட்டினேன். கத்தியது. "இப்ப தோல் வைக்கிறேன்." ஓட்டினேன். சத்தமில்லை. "எடுத்துடறேன்." கத்தியது. "இதை அன்னிக்கே நான் பார்த்தேன்மா. பார்த்துட்டுத்தான் பாஸ்னு சொன்னேன். இவர் மேல தப்பில்லை. என் மேலதான்."

வெளியே ரோட்டில் ஒரு லாரி போனது.

"மறுக்கா வெய்யுங்க சார்," என்றார் அந்த அம்மாள்.

தோலை வைத்து ஓட்டினேன். சத்தமில்லை.

அவர் தரையில் உட்கார்ந்தார். தோலைத் தன் கையால் எடுத்தார், விரலால் தேய்த்துத் தடிமன் பார்த்தார், திரும்ப வைத்தார். "ஓட்டுங்க." மறுபடியும் இல்லை.

"எங்க மிஷினு இதவிட மொத்தமான தோலு, அட்டை, சோலு எல்லாம் தாண்டி ஊசியக் கண்டுபுடிக்கும் சார்," என்று மெதுவாகச் சொன்னார். "அத்தப் பாத்துப் பாத்து எனக்கு ஒரு நெனப்பு உண்டு. தோலு எப்பிடி மறைக்கும், மறைக்காதே, இவங்கல்லாம் சும்மா சொல்றாங்கன்னு. தினமும் மிஷினு கத்தறப்பல்லாம் நெனச்சிக்குவேன். அன்னிக்கி நீங்க வேலூர்ல சொன்னத இவரு சொன்னப்போ, அட, நாம நெனச்சது சரிதான்னு இருந்திச்சி."

"ஊசி வேற, விரிசல் வேறம்மா. ஊசி தானே ஒரு இரும்புத் துண்டு. அதுக்கு தூரம் பொருட்டில்லை. விரிசல்ல வர்றது சின்னக் கசிவு..." நான் சொல்லிக்கொண்டே போனேன். அவர் கேட்கவில்லை. கட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தோலு வெச்சா கத்தல. எடுத்தா கத்துது," என்றார். "அப்ப தோலுதான் சார்."

"இல்லம்மா. தோல்ல தப்பில்லை. தோல் இருந்தா தெரியாதுன்னு நான் பார்த்தேன். பார்த்துட்டும் நிறுத்தலை. அதைத்தான் சொல்ல வந்தேன்."

"பாத்திருந்தா நிறுத்தியிருப்பீங்க சார். படிச்சவங்க."

"நிறுத்தலைம்மா. சத்தியமா."

கட்டிலில் இருந்து மேஸ்திரி சொன்னார், "விடுங்க சார். எனக்கோசரம் எவ்ளோதான் சொல்வீங்க? ஆஸ்பத்திரில ஒண்ணு சொன்னீங்க, இப்ப ஒண்ணு சொல்றீங்க. ரெண்டும் எனக்கோசரம்தான். பெரிய மனசு ஒங்களுது." அவர் குரலில் துளியும் கிண்டல் இல்லை. அன்பாகத்தான் சொன்னார்.

நான் திரும்பத் திரும்பச் சொன்னேன். எனக்கு வேறு சாட்சி இல்லை. ஜன்னல் ஓரத்தில் என்னோடு இருந்தது இந்தக் கட்டையும் பெட்டியும்தான். தோல் வைத்தால் தெரியாது என்பதை அவை இரண்டும் எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்லும். எனக்கு அது தெரிந்திருந்தது என்பதை அவற்றால் சொல்ல முடியாது. அதற்கு இருந்தது என் வாய் ஒன்றுதான். அதை நான் ஏற்கெனவே செலவழித்துவிட்டேன்.

அந்த அம்மாள் எழுந்து கட்டிலருகே போனார். கணவரின் முகத்தை நேராகப் பார்த்தார். அந்த வீட்டில் அப்படி ஒரு பார்வையை நான் கண்டதில்லை.

"அத்த ஏன்யா எடுத்துக் குடுத்த?" என்றார்.

அத்தனை வருடங்களுக்குப் பிறகு அவர் கணவரிடம் நேராகப் பேசியது அதுதான். மேஸ்திரியின் உதடு துடித்தது. அழுகையா, அவள் தன்னோடு பேசிவிட்டாள் என்ற திகைப்பா, எனக்குத் தெரியவில்லை.

"பெயிண்ட்டு கெட்டுடும்னுதாம்மே," என்றார். "நீ பாக்க வர்றியேன்னு."

அந்த அம்மாள் வாசலுக்குப் போனார். பாத்திரம் விளக்கும் சத்தம் மறுபடி கேட்டது. நான் பெட்டியை மூடினேன். கட்டையைப் பையில் போட்டேன். தோலை மறந்துவிட்டுக் கிளம்பியிருக்கிறேன்.

"சார்," என்று கூப்பிட்டார் மேஸ்திரி. கட்டிலிலிருந்து சிரமப்பட்டுக் குனிந்து, தரையில் கிடந்த துண்டுத் தோலை எடுத்து என்னிடம் நீட்டிக்கொண்டிருந்தார். நான் வாங்கிக்கொண்டேன்.